மாமா பிடித்திருந்த கதவு

மாமாவை நினைத்தால் அவருடைய இடது கைதான் எனக்கு முதலில் தெரிகிறது. பூச்சரம் தொடுத்துத் தொடுத்து நகக்கண்களில் பச்சைக் கறை ஏறிய கை. அன்று அந்தக் கை கராஜ் கதவின் கீழ்மூலையில் இருந்த ஓர் இரும்புப் பட்டையை அழுத்திப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மதியம் அது.

மாமா என் அம்மாவின் அண்ணன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில் பூக்கடை வைத்திருப்பவர். வீடுகள் இன்று விற்கும் விலைக்கு ஏறுவதற்கு முன்பே சிராங்கூனில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கிவிட்டார். முன்பு அங்கே இருந்தவர் வாசலைச் சுவர் வைத்து அடைத்து, பலகை பலகையாக மடிந்து மேலே ஏறும் கதவு போட்டுக் கராஜாக மாற்றியிருந்தார். மாமாவின் பூ வேன் அதற்குள் சரியாக அடங்கும். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாத மாமாவுக்கு இரண்டு விஷயங்களில் பெருமை. ஒன்று அந்த வீடு. மற்றொன்று நான். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஆனால் மாமாவின் பெருமையில் ஒரு சின்ன முள்ளும் இருக்கும். "எங்க வீட்டு இன்ஜினியர் பேப்பர்ல பாத்து சொல்லுவா, நான் கையில பாத்து சொல்லுவேன்" என்பார் கடைக்கு வருகிறவர்களிடம்.

கராஜ் கதவுகளையும் கடை ஷட்டர்களையும் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். இந்தக் கதவுகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று. உண்மையில் எடையைத் தாங்குவது, கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். கதவு திறந்திருக்கும்போது அது தளர்ந்திருக்கும். மூடியதும் முழு முறுக்கில் நிற்கும். அந்த இழுப்பு இரண்டு பக்கமும் எஃகுக் கம்பிகள் வழியாக இறங்கி, கதவின் கீழ்மூலைகளில் உள்ள இரண்டு பட்டைகளில் வந்து முடிகிறது. ஆகவே சத்தமில்லாமல் மூடிக் கிடக்கிற கதவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வீட்டுக்காரர்கள் கீல்களுக்கு எண்ணெய் விடலாம், தண்டவாளத்தைத் துடைக்கலாம், அடி ரப்பரை மாற்றலாம். ஸ்பிரிங்கையும் அந்தப் பட்டைகளையும் தொடக்கூடாது. ஸ்பிரிங் முறுக்கில் இருக்கும்போது பட்டையின் போல்ட்டைக் கழற்றினால், அது கம்பியோடு மேல்நோக்கிப் பாயும். வழியில் இருப்பது கையா முகமா என்று பார்க்காது.

அதற்கு முந்தைய வருடம் மாமா வீட்டு ஸ்பிரிங் அறுந்தபோது எங்கள் ஆட்களை வைத்து நான்தான் மாற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் கீழ்மூலைப் பட்டைகளின் போல்ட்டுகளில் சிவப்புச் சாயம் வைத்தோம். தொடாதே என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் அடையாளம். அதை மாமாவிடமும் சொன்னோம். சரி சரி என்று தலையாட்டினார்.

பூஜைக்கு முந்தைய நாள் உதவிக்குப் போனேன். அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து பழந்துணியால் கத்தரிக்கோல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இரும்பு என்று எது இருந்தாலும் அதற்குப் பொட்டு உண்டு. வேன், தையல் மெஷின், தராசு, அரிவாள்மனை, ஸ்டேப்ளர்கூட. பழைய பொட்டின்மேல் புதிய பொட்டு வைக்கக்கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு.

"வாம்மா. உன் மாமாவ வந்து என்னன்னு கேளு. டீ வேணும்னு என்னை உள்ள அனுப்பினாரு. போட்டுக் கொண்டு போனா, உள்ளேயே வை, இங்க வராதேங்குறாரு. ஆறி அவலாப் போச்சு."

"என்ன பண்றார் அங்க?"

"கதவு மூலையில துருப்பிடிச்சிருக்காம், கழட்டித் தேய்க்கணுமாம். போன வருஷப் பொட்டே அதுல கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. எண்ணெய்க்கும் போகல, புளிக்கும் போகல. தின்னர் ஊத்தித்தான் எடுத்தேன்."

ஒரு கணம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. அத்தை தின்னர் ஊற்றி எடுத்தது பொட்டை அல்ல, போல்ட்டுகளில் நாங்கள் வைத்த சிவப்புச் சாயத்தை.

கராஜுக்குப் போகும் வாசலில் நின்று பார்த்தேன். கதவு மூடியிருந்தது. வேனுக்கும் கதவுக்கும் நடுவே மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஸ்பேனர். இடது கை பட்டைமேல். தரையில் கழற்றிய போல்ட்டுகள் கிடந்தன. பட்டையில் ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் சாய்ந்திருந்தது.

"மாமா, விட்டுட்டு எழுந்து வாங்க."

"நீ உள்ள போ."

பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. அதற்குள் அத்தை பின்னாலேயே வந்துவிட்டார். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு, கதவத் தெறந்துவிட்டா காத்தாவது வரும்" என்று சுவரிலிருந்த பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை, வெறும் சத்தம். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடையிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. மாமா பிடிவாதம் பிடிக்கவில்லை. போல்ட்டுகள் கழன்றதும் பட்டை நகர்ந்திருக்கிறது. கையை எடுத்தால் அது பாய்ந்துவிடும் என்று பயந்து, அப்படியே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அத்தையை டீ போட அனுப்பியதும் அங்கிருந்து அப்புறப்படுத்தத்தான்.

மோட்டாரின் சுவிட்சை அணைத்தேன். அத்தையைச் சமையலறைக்குள் போகச் சொன்னேன். என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் போனார்.

"மாமா, அது நகர்ந்துச்சா?"

"ஒரு நூல். டப்புனு ஒரு சத்தம். அப்ப பிடிச்சவன்தான்." மூச்சு விட்டுவிட்டு மறுபடி சொன்னார். "கை மரத்துப் போச்சும்மா. நீ ஆள வரச் சொல்லு. அது வரைக்கும் பிடிச்சுக்கிறேன்."

எங்கள் ஆள் வர ஒரு மணி நேரமாவது ஆகும். மாமாவின் முகமோ பட்டைக்கு நேர் மேலே இருந்தது. சாய்ந்து நின்ற அந்த ஒற்றை போல்ட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா, இந்தக் கதவோட பாரத்துல பாதி அந்தக் கம்பியில இழுக்குது. ரெண்டு பேர் சேர்ந்தாலும் கையால அத நிறுத்த முடியாது. இப்பவும் அது நிக்குதுன்னா போல்ட்தான் நிறுத்துது. உங்க கை இல்ல."

"விட்டா போயிரும்."

"போறதா இருந்தா உங்க கையோட சேர்த்துத்தான் போகும். இருந்தாலும் எடுத்தாலும் அது ஒண்ணுதான். கைய எடுத்தா நீங்க தப்பிப்பீங்க, அதுதான் வித்தியாசம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் கையில் பட்டதை மட்டுமே நம்பிய மனிதர். அந்தக் கையே தவறு சொல்கிறது என்கிறேன் நான். ஏதாவது கேலி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்படி எடுக்கணும், சொல்லு" என்றார்.

"மொதல்ல முகத்த வேன் பக்கம் திருப்புங்க. தலைய பின்னால எடுங்க. ஸ்பேனர கீழ போடாதீங்க, மெதுவா வைங்க. இப்ப கைய மேல தூக்காம, தரையோட ஒட்டி உங்க பக்கம் இழுங்க. அப்படியே பின்னால சாஞ்சுருங்க."

ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்லச் செய்தார். கடைசியில் கை மட்டும் வரவில்லை. விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "மாமா" என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை உருவினார். பின்பக்கம் வேன் சக்கரத்தில் போய் விழுந்தார்.

பட்டை அசையவில்லை.

வேனுக்குப் பின்புறமாகச் சுற்றித் தவழ்ந்து வந்தார். நான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வாசல் கதவைச் சாத்தினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்த அவருடைய விரல்களை அத்தைதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிரிக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தார். மாமா என்னை மட்டும் பார்த்தார்.

"அப்ப நான் சும்மாதான் உக்காந்திருந்தேனா?"

உயிர் பிழைத்த நிம்மதி அவர் முகத்தில் இல்லை. ஏமாந்துபோன முகமாக இருந்தது. சரியான விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நான் இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிறகு எங்கள் ஆள் வந்து, பட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஸ்பிரிங்கின் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கடைசிச் சுற்று இறங்கும் முன்பே அந்த போல்ட் தானாக உடைந்து தரையில் உருண்டது. மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தமிழர் வீடுகளுக்குப் போனால் அந்த போல்ட்டுகளுக்கு மஞ்சளும் சிவப்பும் வைப்பதில்லை, நீலம்தான். ஏன் என்று எங்கள் மேலாளர் கேட்டபோது விளக்க வெகு நேரம் பிடித்தது.

இந்த வருடமும் பூஜைக்கு முன்னால் பூக்கடைக்குப் போயிருந்தேன். சந்து முழுக்கக் கூட்டம். தெம்பனிஸிலிருந்து வரும் வாடிக்கைக்கார ஆன்ட்டி ஒருவரிடம் மாமா கதை சொல்லிக்கொண்டிருந்தார். கை தன்பாட்டுக்குச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தது.

"இவ வந்து சேர்ற வரைக்கும் நான்தான் லா அந்தக் கதவப் பிடிச்சிருந்தேன். விட்டிருந்தா அவ்வளவுதான்."

"சும்மா அளக்காதீங்க" என்று சிரித்த ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "நீ இன்ஜினியர்தானே, நீயே சொல்லு. நெசமாவா?"

தொடுத்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மாமா நிமிரவில்லை.

"நெசந்தான் ஆன்ட்டி" என்றேன். "அத்தைய உள்ள அனுப்பிட்டு, தனியா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்கல."