தோட்டாவை வீட்லயே ரொப்பிக்கலாமா?

துப்பாக்கிக் கடையில் வேலை என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பேன் என்று நினைப்பார்கள். உண்மையில் பாதி நாள் "ஸ்டாக் இல்லைங்க" என்று மெதுவாகச் சொல்வதுதான் என் உத்தியோகம். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற சக துயரர்களே, நீங்கள் எந்தச் சாமான் விற்றாலும் சரி, உங்களிடமும் ஒரு தண்டபாணி ஐயா வந்திருப்பார். திருவண்ணாமலையில் எனக்கு வாய்த்தவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்க.

சோடா பாட்டில்

ஐயா ரிட்டையர் ஆகி வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். அவருடைய அப்பா வைத்திருந்த கைத்துப்பாக்கி, லைசென்ஸோடு இவர் பெயருக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் தோட்டா மற்றதைப் போல நேர் குழாயாக இருக்காது. சோடா பாட்டில் மாதிரி கழுத்து சுருங்கியிருக்கும். அந்த ரகம் கடைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் விலையைக் கேட்டால் நம் நெஞ்சிலேயே குண்டு பட்ட மாதிரி இருக்கும்.

பெங்களூரில் இருக்கும் மகன், "தோட்டாவே கிடைக்காத துப்பாக்கி எதுக்குப்பா? கடையிலயே குடுத்துடுங்க" என்று நச்சரிக்கிறாராம். ஐயாவுக்கு விட மனசில்லை. ரைபிள் கிளப்பில் சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்து வந்தார். வீட்டிலேயே வெடிமருந்து ரொப்பிக்கலாமா என்றார். கூடாதுங்க என்றேன்.

"காலி பாட்டில கொண்டாந்தா சோடாக்காரன் ரொப்பித் தர்றான். இம்மாம் பெரிய கடை வச்சிக்கினு முடியாதுன்றீங்களேப்பா!"

கறவை மாடு

அடுத்த வாரம் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தார். அமெரிக்காவில் சமையல் மேடையிலேயே ரொப்புகிறார்களாம்.

நம்ம லைசென்ஸ் தோட்டா வாங்கிச் சுடத்தாங்க, செய்றதுக்கு இல்ல, வீட்ல ரொப்பினா கேஸ் என்றேன். அவர் அசையவில்லை. செலவைச் சொன்னேன். கழுத்துள்ள ரகம் சுட்டதும் உப்பிவிடும். எண்ணெய் தடவி அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரணும், நீண்டுபோன வாயைச் சீவணும், ஒவ்வொன்றையும் அளக்கணும். கழுத்து பிளந்தால் குப்பைக்கு. மெஷின், அச்சு, மருந்து, அதைப் பற்ற வைக்கிற கேப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு கறவை மாடே வாங்கிவிடலாம். வருஷத்துக்கு ஒரு கைப்பிடி சுடுகிறவருக்கு அசல் எந்த ஜென்மத்தில் தேறும்? மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

"மாடு வாங்கினா சாணி அள்ளணும் தம்பி. இதுல அந்தத் தொல்லை கம்மி பாரு."

கார்த்திகை விளக்கு

தீபத்துக்கு முன்னால் பழைய பித்தளையைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புது விளக்கு எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஐயா கூடுகளைப் புளி போட்டுத் துலக்கி, மாடியில் முறத்தில் காய வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரம்மா, பித்தளைதானே என்று உடைந்த குத்துவிளக்கோடு சேர்த்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்.

ஐயா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இனி ரொப்புவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி; வெளியே சொல்லவா முடியும்? டீ வரவழைத்தேன்.

"புது விளக்கு நல்லாதான் கீது தம்பி. அதான் வயித்தெரிச்சலே."

பேனா

தீபம் பார்க்க வந்த மகன், சூட்டோடு சூடாக அப்பா, அம்மா, துப்பாக்கி மூன்றையும் காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் முதலாளி துப்பாக்கியை வாங்கிக்கொள்வதற்கான காகிதங்களை எடுத்து வைத்தார். ஐயா பேனாவைத் திறந்துவிட்டு என்னையே பார்த்தார். சத்தமாகப் பேசியே பழகாதவன் நான் என்ன செய்வேன்? அம்மாதான் எட்டிப் பேனாவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம ஆனா உங்கப்பா அத தொடச்சிக்கினு ரூமுக்குள்ள உக்காந்துடுவாரு. அப்பதான்டா நான் நிம்மதியா சீரியல் பாக்கறேன். அத வித்துட்டு, அவர நீ பெங்களூருக்கு இட்டுக்கினு போறியா?"

ஒரு குடும்பத்துக்குத் துப்பாக்கி முழுப் பாதுகாப்புக் கொடுப்பது அதற்குத் தோட்டா கிடைக்காதபோதுதான் என்பதை, தோட்டா விற்க நிற்கிற நான் யாரிடம் போய்ச் சொல்வேன்!