முப்பத்தோரு பாரும் ஒரு அப்டேட்டும்

எங்க தொழில்ல ஒரு வேடிக்கை உண்டு: கண்ணாடி சுக்குநூறா உடைஞ்ச போனைக் கொண்டு வர்றவங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க, ஒரு கீறல்கூட இல்லாத போனை அப்டேட் போடக் கொண்டு வர்றவங்கதான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி நிப்பாங்க.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவுல எட்டுக்கு ஆறு செல்போன் கடை. முதலாளி ரஹீம் பாய் உள்ளே உட்கார்ந்து போனைப் பிரிச்சு வேலை பார்ப்பார். நான் லதா. ஒன்பது வருஷமா முன்னாடி கவுன்டர்ல இருக்கேன். பிரிக்காம பார்க்கிற வேலையெல்லாம் என்னுது. என் தலைக்கு மேல ஒரு போர்டு தொங்குது. சார்ஜ் இருக்கா, இடம் இருக்கா, பேக்கப் எடுத்தாச்சான்னு மூணு கேள்வி அச்சடிச்சிருக்கும். நாலாவது கேள்வியை மட்டும் நான் சிவப்பு மார்க்கர்ல எழுதினேன். அதை எழுத வச்சது நொச்சிக்குப்பத்து ஏழுமலை. அந்த மனுஷனோட பிழைப்பையே ஒரு மத்தியானம் நான் தொலைக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், நடுவுல மத்தவங்களும் வந்து போவாங்க. நீங்களும் 'பிறகு நினைவூட்டு'வை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்ச ஆளுதானே? மறைக்காதீங்க, நம்ம எல்லாரும் ஒரே ஜாதி.

நல்ல நேரம்

சித்ரகுளம் பக்கத்துல பாட்டு சொல்லிக் கொடுக்கிற அலமேலு மாமி, பதினோரு மாசமா அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. செவ்வாய்க்கிழமை ஆகாது, சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், மிச்ச நாள்ல அஷ்டமி, நவமி, கரிநாள். கடைசியா ஒரு வெள்ளிக்கிழமை காலையில பஞ்சாங்கம் இடம் கொடுத்துச்சு. பத்தே காலுக்குள்ள தொட்டாகணும். மாமி போனுக்குக் குங்குமம் வச்சு, சார்ஜரைச் சொருகி, பிள்ளையாரை வேண்டிக்கிட்டு அமுக்கினாங்க.

சார்ஜ் அப்ப கொஞ்சம்தான் இருந்திருக்கு. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார மாமா தேங்காய் அரைக்க மிக்ஸியைத் தூக்கிட்டு வந்து, சார்ஜரைப் பிடுங்கிட்டார். பாதி அப்டேட்ல போன் கண்ணை மூடிடுச்சு. மாமி ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தாங்க. ரஹீம் பாய் அரை மணி சார்ஜ் ஏத்தி, எழுப்பி, மிச்சத்தையும் ஓட விட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காதே, பஞ்சாங்கம் கைவிட்டுடுச்சா மாமின்னு கேட்டுட்டேன். மாமி கோவிச்சுக்கலை.

"நேரத்து மேல ஒரு குத்தமும் இல்லடிம்மா, எங்காத்து மாமாவுக்குத்தான் இன்னிக்குன்னு சட்னி கேட்டுது."

அவன் போட்டுக் குடுத்த ஐடி

ஏழுமலைக்கு என் வயசுதான் இருக்கும், ஆனாலும் அக்கான்னுதான் கூப்பிடுவார். சொந்தமா ஒரு ஃபைபர் படகு. மனைவி தேவி ரோட்டோரத்துல மீன் விக்கிறாங்க. கடலுக்கு அடியில பாறை இருக்கிற இடத்துல மீன் அடையும், அதைப் 'பாரு'ன்னு சொல்வாங்க. அப்படி முப்பத்தோரு பாரு அவர் போன்ல ஒரு ஆப்புக்குள்ள புள்ளி புள்ளியா இருந்துச்சு. பாதி அப்பா காட்டினது, மீதி அவரே வலை கிழிஞ்சு கிழிஞ்சு கண்டுபிடிச்சது. வேற எங்கேயும் கிடையாது. இப்ப அந்த ஆப், போனை அப்டேட் பண்ணலைன்னா அடுத்த மாசத்துல இருந்து திறக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு.

பேக்கப் எடுத்துடலாம்னு நான் சொன்னதும் போனைப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டார். நெட்டுல மேல ஏத்தினா மத்தவன் பார்த்துடுவானாம். யாரும் பார்க்க முடியாது, அது உங்க ஐடிக்குள்ள பத்திரமா இருக்கும்னு பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளான்னு மனசுக்குள்ள சிரிப்பு வேற. அவர் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார். கஜாங்கிறது அவர் மச்சான், பக்கத்துப் படகுக்காரன்.

"ஐடி போட்டுக் குடுத்ததே கஜாதான்க்கா. பாஸ்வேர்டு அவன் கைலதான் கீது."

அரசமரம்

ஏழுமலை அப்டேட் போடாமலே போனோட கிளம்பிப் போன அதே சாயங்காலம், தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கிற திருநெல்வேலி அண்ணாச்சி வந்தார். அவர் போன்ல அப்டேட் இறங்க இடமே இல்லை. திறந்து பார்த்தா 'காலை வணக்கம்' படம் மட்டும் நாலாயிரத்துக்கு மேல. எல்லாம் சாமி. வெள்ளிக்கிழமைக்கு அம்மன், வியாழக்கிழமைக்குத் தட்சிணாமூர்த்தி, கிருத்திகைக்கு முருகன். எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிச்சுடலாம் அண்ணாச்சின்னு சொல்லிக்கிட்டே கையைக் கொண்டு போனேன். அவர் குனிஞ்சு பார்த்தார். அழிக்கிற இடத்துல என்ன படம் போட்டிருப்பான்? குப்பைத்தொட்டி.

மனுஷன் பதறிப் போயிட்டார். கடைசியில எல்லாச் சாமியையும் ஒரு பென் டிரைவுக்கு மாத்திக் கொடுத்தேன். அது இப்ப அவர் வீட்டுப் பூஜை அலமாரியில விபூதித் தட்டுக்குப் பக்கத்துல இருக்கு. ஆனா அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய சாமி படத்தை அரசமரத்தடியில கொண்டு வைப்போம் தாயி. இந்தப் போன்ல அரசமரம் எங்கன இருக்கு, காட்டு பாப்போம்."

அனுப்பினவர்

அடையாறு அபார்ட்மென்ட் ஒண்ணோட செயலாளர், ரிட்டயர்டு இன்ஜினியர். அவங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல 'உடனே அப்டேட் செய்யவும்'னு ஒரு லிங்க் வந்து, அமுக்கின ஏழு பேர் போன்ல கண்ட கண்ட விளம்பரம் குதிக்க ஆரம்பிச்சுது. ஏழு போனையும் ஒரு மஞ்சப் பையில போட்டுத் தூக்கிட்டு வந்தார். அப்டேட்ங்கிறது செட்டிங்ஸ்க்குள்ள மட்டும்தான் சார் வரும், லிங்க்கா வந்தா அது திருட்டுன்னு விளக்கினேன். தலையாட்டினார். யார் சார் இதைக் குழுவுல போட்டதுன்னு கேட்டேன். காலி மஞ்சப் பையை நாலா மடிச்சார். சட்டைப் பையில இருந்த அவர் போன் மட்டும் நல்லா இருந்ததை அப்பத்தான் கவனிச்சேன்.

"நான் அமுக்கலைம்மா. மத்தவங்களாவது பத்திரமா இருக்கட்டுமேன்னு அனுப்பினேன்."

ஒன்றரை மணி நேரம் சுவத்தைப் பார்த்து

ஏழுமலை நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்தார். புது ஐடி போட்டுத் தர்றேன்னு சொன்னேன். போடறது நீதானேக்கா, அப்ப உனக்குத் தெரியுமேன்னார். கஜா போய் நான் வந்தேன், அவ்வளவுதான். எனக்கும் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. சும்மா போடுங்க, அப்டேட்ல உள்ளே இருக்கிறது எதுவும் போகாது, நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். உள்ளே இருந்து ரஹீம் பாய், கடலுக்குப் போறவனுக்கு நீ பொறுப்பு ஏத்துக்காதே லதாம்மான்னு குரல் கொடுத்தார். பாய் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். அதனால கொஞ்சம் அடங்கி, சரி, ஒரு பேப்பர்ல எழுதியாவது வச்சுக்கங்கன்னேன். அதுக்குச் சம்மதிச்சார்.

பழைய காலண்டர் தாள் ரெண்டு கிழிச்சுக் கொடுத்தேன். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவத்தைப் பார்த்து உட்கார்ந்து, முப்பத்தோரு இடத்தோட ஜிபிஎஸ் எண்களையும் ஒண்ணொண்ணா எழுதினார். பரீட்சையில பக்கத்துப் பையனுக்குக் காட்டாம எழுதுவோமே, அந்த மாதிரி இடது கையால மறைச்சுக்கிட்டு. டீ கொடுக்கப் பக்கத்துல போனா தாளைக் கவுத்துடுவார். முடிச்சுட்டு மடிச்சு, சட்டைக்குள்ள பனியன்ல சொருகிட்டுத்தான் போனை என் கையில கொடுத்தார்.

"இப்பப் போடுக்கா. ஆனா ஒண்ணு, இது போச்சுன்னா நான் கஜா படகுலதான் கூலிக்குப் போவணும்."

மாம்பலத்துல மீன்

அப்டேட் நல்லபடியா முடிஞ்சுது. சார்ஜ் முழுசா இருந்துச்சு, வைஃபை நிக்கலை, போன் புதுசாட்டம் எழுந்து வணக்கம் சொல்லுச்சு. பழைய ஆப் மட்டும் திறக்கலை. அதை எடுத்துட்டுப் புதுசா இறக்கித் திறந்தேன். கடல் நீலமா இருந்துச்சு. புள்ளி ஒண்ணுகூட இல்லை. போகாது, நான் பொறுப்புன்னு சொன்ன வாய் இதே வாய்தான். நிமிர்ந்து அவர் மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. பேப்பரை எடுங்கன்னு மட்டும் சொன்னேன்.

மொதல் எண்ணை அவரே சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். புள்ளி விழுந்துச்சு, மாம்பலம் ஸ்டேஷன் மேல. தப்பா அடிச்சிருப்பேன்னு ரெண்டாவதைப் போட்டேன். அது பாண்டி பஜார்ல போய் நின்னுச்சு. மூணாவது பனகல் பார்க். மனுஷனோட மீனெல்லாம் தி.நகர்ல துணி எடுத்துக்கிட்டு இருக்கு. எனக்குக் கண்ல தண்ணியே வந்துடுச்சு. முப்பத்தோரு இடமும் தப்பா எழுதிட்டார், போன்லயும் போச்சு, ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேன். ஏழுமலையைப் பார்த்தா, அவர் சிரிச்சுக்கிட்டு இருக்கார்.

விஷயம் என்னன்னா, எழுதும்போதே ஒவ்வொண்ணுலயும் ஒரு எண்ணை வேணும்னே குறைச்சு எழுதியிருக்கார். தாள் யார் கையில சிக்கினாலும் ஒரு மீன்கூடக் கிடைக்காது. எந்த எண், எவ்வளவு குறைச்சார்ங்கிறது அவர் மனசுல மட்டும் இருக்கு. போனை வாங்கி, மறுபடி ஸ்டூலைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டு, முப்பத்தொண்ணையும் சரியா அவரே அடிச்சார். என்னை இப்படி அழ வச்சுட்டீங்களே, முன்னாடியே சொல்லக் கூடாதான்னு சண்டை போட்டேன்.

"கோச்சுக்காதக்கா. நீ மாம்பலத்துக்குப் போறியா, கடலுக்குப் போறியான்னு எனக்கு இன்னா தெரியும்?"

மேக்கப்

அடிச்ச எண்ணெல்லாம் சரிதானான்னு கடலுக்குப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும். முப்பத்தொண்ணுல ஒரு எண் தவறினாலும் வலை வெறும் தண்ணியிலதான் விழும். மூணு நாள் அவர் வரலை. நான் வாசலைப் பார்க்கிறதும் போனைப் பார்க்கிறதுமா இருந்தேன். அந்த நேரத்துல கோடம்பாக்கத்துல இருந்து ஒரு மேக்கப்மேன் வந்து, என் போனை மாத்திட்டீங்கன்னு சத்தம் போட்டார். நான் போட்டுக் கொடுத்த அப்டேட்டுக்கு அப்புறம் எழுத்து, கலர், பட்டனெல்லாம் வேற மாதிரி ஆகியிருந்துச்சு. உறையைக் கழட்டி, பின்னாடி அவர் பேத்தி ஒட்டின மயில் ஸ்டிக்கரைக் காட்டினப்புறம்தான் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா நான் அடுத்தவங்களுக்குப் பண்றதை எனக்கே பண்ணிட்டீங்களேம்மா."

குழம்பு

நாலாவது நாள் மத்தியானம் தேவி வந்தாங்க, மீன் வித்த கையோட, தலையில சும்மாடுகூட எடுக்காம. கடையில நாலு பேர் இருந்தாங்க. நல்லா இருக்காரா ஏழுமலைன்னு மட்டும் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல வச்சாங்க. உள்ளே சங்கரா மீன், ரெண்டு கிலோவுக்குக் குறையாது, கண்ணு பளபளன்னு. அப்ப அவர் அடிச்ச எண்ணெல்லாம் சரிதான். அன்னிக்கே ஏணி போட்டு ஏறி, போர்டுல நாலாவது கேள்வியை எழுதினேன்: 'இந்தப் போன்ல மட்டும் இருக்கிறது என்ன?'

பணம் எடுத்து நீட்டினேன், தேவி கையைத் தட்டி விட்டாங்க. சந்தோஷம் தாங்கலை எனக்கு. வாய் சும்மா இருக்குமா? எந்தப் பக்கம் பிடிச்சது, மொதல் பாரா, ரெண்டாவது பாரான்னு இழுத்தேன். தேவி கடையில இருந்த நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"எங்க புடிச்சதுன்னு கேக்காத, கொழம்பு வை."

ஊருக்கெல்லாம் நாலு கேள்வி கேக்கிற நான், அந்தக் குழம்புக்கு என் மாமியார் சொன்ன மசாலா அளவை என் போன்ல மட்டும்தான் வச்சிருக்கேன், அதனால என் அப்டேட் ஏழு மாசமா 'பிறகு நினைவூட்டு'லயே நிக்குது.