பேசாத படத்துக்கு நான் சொன்ன முடிவு

இதை எழுதப் பல வருடமாகக் கை வரவில்லை. கணவனை இழந்து, சர்க்கரை நோயில் பார்வையும் போன என் அக்காவை அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் பெண் கேட்டிருந்தார். அக்காவுக்கும் மனம் இருந்தது. ஊர் வாய்க்கு நான்தான் பயந்தேன்.

அந்த வாரம் காரைக்காலில், மேடை நாடகத்திலிருந்து எடுத்த பழைய ஊமைப்படம் போட்டார்கள். காட்சிகளை அக்கா காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு விதவை, அவளை விரும்பும் ஒருவன்.

"ஏன்டா நிறுத்திட்ட? கடைசியில கட்டிக்கிட்டாங்களா?"

திரையில் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லக்கா. அவ கோயிலே கதின்னு இருந்துட்டா."

"அழகி அவளுக்கே அப்படின்னா, இந்தக் குருட்டுக் கழுதைக்கு என்னடா!" என்று சிரித்தாள். மறுநாள் அவரை வேண்டாமென்றாள்.

இன்றும் அம்மனுக்கு விளக்கேற்றி மன்னிப்புக் கேட்கிறேன். அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லை. யாராவது அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தைகூட மாற்றாதீர்கள்.