கட்டி அடித்த அரிவாள்

என் வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவில் இருந்ததையெல்லாம் அவனியாபுரத்துப் பட்டறையில் பவர் பிரஸ் தின்றுவிட்டது. தகட்டை நான் நகர்த்துவேன், பெடலை என் தம்பி மிதிப்பான். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது; என் தலையசைப்புதான் அவனுக்குச் சொல். அன்று என் கழுத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. தலையை உதறினேன். அவன் மிதித்துவிட்டான்.

அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் மூக்குக்குமேல் கோபம் வருகிற எனக்கு! வந்தது பிறகுதான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் அந்தக் கூறுகெட்டவன் கருப்பசாமி கோயிலுக்குப் போய்ச் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான். "எங்கண்ணன் வலது கை மறுபடி சுத்தியலப் பிடிக்கிற வரைக்கும் எங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்." சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடையில் மூட்டை தூக்கப் போய், அந்தக் கடை மாடியிலேயே படுத்துக்கொண்டான். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்த சத்தியம் எங்கள் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்பைவிடப் பெரிது. அப்பீல் கிடையாது.

பட்டறையில் என்னை வாட்ச்மேனாக இருக்கச் சொன்னார்கள். போங்கடா என்று வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் உலை போட்டு, பழைய லாரிகளின் வில்லுப் பட்டாக்களைக் காய்ச்சி அரிவாள் அடிக்க ஆரம்பித்தேன். குறட்டின் காம்பை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் சுத்தியலை வீசுவேன். முதலில் வந்ததெல்லாம் காய்ந்த கருவாடு மாதிரி கோணிக்கொண்டு கிடந்தது. பிறகு வசப்பட்டது. கருப்புக்கு நேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஆளுயர அரிவாள் அடித்தேன். சிலம்பக்காரர்களுக்கு வளரி செதுக்கினேன். அந்தக் காலத்துச் சண்டையில் எறிந்து ஆளைச் சாய்த்த வளைதடி அது. வைரம் பாய்ந்த புளியங்கட்டையில்தான் செதுக்குவேன். தலைப்பக்கம் கனம் கொஞ்சம் கூடினாலும் எறிந்ததும் மண்ணைக் கவ்விவிடும். அந்தக் கனத்தைப் பார்க்க விரல் வேண்டாம், மணிக்கட்டு போதும்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு இம்புட்டுப் பாடு தேவையா மாப்ள?" என்று தெருவில் கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! என் கை வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். சத்தியத்திலிருந்து என் தம்பியை விடுவிக்க வேண்டும். வயிற்றுப்பாடு அதற்கப்புறம்தான்.

மனசுக்குப் பிடித்து அமைந்த முதல் அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி சிம்மக்கல்லுக்குப் போனேன். மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வாங்கினான். வெளிச்சத்தில் சாய்த்து, சுத்தியல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா இது எடது கை அடிண்ணே. தடமெல்லாம் மாத்திச் சாஞ்சிருக்கு."

"கருப்புக்கு அதெல்லாம் தெரியுமாடா?"

"எனக்குத் தெரியுதேண்ணே" என்றான். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். அவனை ஏமாற்ற முடியாது.

அப்புறம் அம்மா படுத்துவிட்டாள். உள்ளறைக் கட்டிலில் கிடந்தபடி, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே "சின்னவனா?" என்பாள். "தெருவுக்கு வரச் சொல்றேம்மா, அங்ஙன நின்னு ஒரு குரல் குடுக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான், படுத்திருந்தவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ குரல். "தெருவுல நின்னு கூப்பிட அவென் என்ன பிச்சைக்காரனா? நான் பெத்தவென். உள்ள வரட்டும்." அவனுக்குத் தப்பாத அம்மா, அம்மாவுக்குத் தப்பாத அவன். நடுவில் கிடந்து நான் வெந்தேன்.

வலது கையால் அடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்து, சுத்தியல் பிடியை மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். ஒவ்வோர் அடியும் தோள்பட்டைவரை ஏறியது. வெட்டுப்பட்ட இடம் பிளந்து ரத்தம் கசிந்தது. வலி பொறுக்காமல் சத்தம் போட்டே அழுதேன்; உலை மோட்டார் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் வந்தது ஒரு நொண்டி அரிவாள். வளைவு சரியில்லை, முதுகு மேடும் பள்ளமுமாக இருந்தது. ஆனால் அடித்தது என் வலது கை.

சிம்மக்கல்லில் அதைப் பார்த்ததும் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "வலது கை! அண்ணே, வலது கைதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த இடத்தில் டியூப் தடம் கன்றிப்போய்க் கிடந்தது. அதையே பார்த்தான்.

"பிடிச்சுச்சாண்ணே, கட்டியிருந்துச்சா?"

பிடித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அன்றைக்கே என்னோடு பஸ் ஏறியிருப்பான். நாக்கு நுனிவரை வந்தது. கருப்புக்கென்று அடித்த இரும்பு எங்கள் நடுவில் இருந்தது. பொய் வரவில்லை.

"கட்டித்தாண்டா அடிச்சேன்."

என் கையைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதான். "நான் எப்படிண்ணே வாரது? சத்தியத்த மீறி உள்ள வந்து, அதனால அம்மாவுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

அவன் மீறவில்லை. அம்மா போய்விட்டாள். கடைசிவரை வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவுக்கு வந்தவன் எதிரே கரண்டுக் கம்பத்தடியில் நின்றான். உள்ளே ஒப்பாரி கேட்கக் கேட்கக் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டான். அம்மாவைக் குளிப்பாட்டத் தெருவுக்குத் தூக்கி வந்து கிடத்தியபிறகுதான் ஓடிவந்து காலடியில் விழுந்தான். "வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்று அவன் கதறியதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

கருமாதி அன்றும் அதே கம்பத்தடியில்தான் நின்றான். நான் இலையையும் சோற்று வாளியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். சாக்கை விரித்து உட்கார வைத்தேன். இடது கையால் பரிமாறக் கூடாதே! கரண்டியை வலது கையில் இடுக்கிக்கொண்டேன். பாதிச் சோறு சாக்கில் சிந்தியது. அவன் இலையில் இருந்ததைத் தொடவில்லை. என் கையைப் பார்த்தபடி, சிந்தியதைப் பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அம்மாவ அன்னைக்கே கட்டிலோட இங்ஙன தூக்கியாந்திருக்கலாம்லண்ணே?"

எங்கள் தெருவில் கட்டிலோடு ஒருவரை வெளியே கொண்டுவந்தால் செத்துப்போனார் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவளைத் தெருவுக்குக் கொண்டுவருவதை அதனாலேயே நானும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. வாசப்படியைத் தாண்டினால் தெரு. நாங்கள் இரண்டு பிள்ளைகள்.

"தூக்கியிருக்கலாம்டா" என்றேன். "சாப்பிடு."