படத்தின் பின்னால் இருந்தவர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் காலைப் பேருந்தில் அந்த நர்ஸ் அக்கா பல நாள் என் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். கண்களுக்குக் கீழே கருவளையம். வாரியும் அடங்காத முன்நரை. சில வாரங்களாக அவருக்கு ஒரு பழக்கம். எவருடைய ஸ்டேட்டஸைத் திறந்தாலும் முகங்களை விட்டுவிடுவார்; படத்தை இரு விரல்களால் விரித்துப் பின்னணியை மூலை மூலையாகத் தேடுவார்.

ஒருநாள் எங்கள் கல்லூரி விழாப் படத்தைக் காட்டினேன். அதையும் அவ்வாறே விரித்தார்.

“என்னக்கா தேடுறீங்க?”

“வார்டுல கூட வேலை பாக்குற சிஸ்டர் பர்த்டேக்கு கேக் வெட்டினோம்மா. அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சேன். பின்னாடி கட்டில்ல ஒரு பொண்ணு படுத்துக்கினு இருந்தத பாக்கல. வீட்டுக்குத் தெரியாம வந்து சேர்ந்த பொண்ணு. எங்க ஊர்க்காரங்க யாரோ பாத்து அவங்க வீட்டுல சொல்லிட்டாங்க. சாயந்தரமே அவங்க ஆளுங்க வார்டுக்கே வந்துட்டாங்க.”

“ஆஸ்பத்திரில உங்களுக்கு மெமோ குடுத்தாங்களா?”

“இன்னிக்குத்தான் விசாரணை. வேலை இருக்குமோ போவுமோ. அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்லம்மா. ‘கேக் நல்லா இருந்துதா சிஸ்டர்’னு கேட்டுச்சு.”

விழுப்புரம் வந்ததும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார். “உன் போட்டோவ ஸ்டேட்டஸ்ல போடறதுன்னா அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடும்மா” என்றார்.

எந்த அம்மா? படத்தை விரித்தேன். எங்கள் சிரிப்புக்குப் பின்னால், தூணோரம், கல்லூரியைப் பெருக்கும் பெண் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அக்காவை அந்தப் பேருந்தில் நான் பார்க்கவில்லை. படம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் எதை முதலில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.