மூன்று சென்ட் வெள்ளி

பேத்தி கல்யாணத்தில் பன்னீர் தெளித்தார்கள். அந்த வாசனையில் என் தகப்பனார் வந்து நின்றார். அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

ரங்கூன் துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் அமெரிக்கக் காசு சேர்த்தார். மூன்று சென்ட், இருபது சென்ட் என்று அந்த நாட்டுக்காரர்களே மறந்துவிட்ட வெள்ளிக்காசுகள். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் காரைக்குடி வீட்டுப் பெட்டியில் போட்டுவைப்பார்.

அக்காள் கல்யாணச் சீருக்கு வெள்ளி குறைந்தது. எங்களைப் பெற்ற ஆத்தா அந்தக் காசு அத்தனையையும் நகை செய்யும் பத்தரிடம் கொடுத்து உருக்கிப் பன்னீர்ச்செம்பு செய்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வந்த அப்பச்சி பெட்டியைத் திறந்தார். "காசெல்லாம் எங்க?"

"செல்லாத காசத்தானே வச்சிருந்தீக? நல்ல வெள்ளின்னு பத்தரே சொன்னாரு," என்றாள் ஆத்தா, பெருமையாக.

பந்தலில் அந்தச் செம்பிலிருந்து பன்னீர் தெளித்தபோது எல்லாரும் துடைத்துக்கொண்டார்கள். அப்பச்சி மட்டும் உள்ளங்கையில் விழுந்த சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சென்ட் காசு அந்த அளவுதான் இருக்கும்.