கடையநல்லூர் அக்காவின் மாத்திரைகள்

மதுரையிலிருந்து திரும்பும் ரயில் சிவகாசியைத் தாண்டியபோது எனக்குப் பசி காதை அடைத்தது. தயிர்ச்சாதத்துக்கு ஊறுகாய் இருக்குமென்று என் அக்காவின் பைக்குள் கையைவிட்டு, சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே ஊறுகாய் இல்லை. மஞ்சள் மாத்திரைகள் கிடந்தன.

அக்கா சாப்பிடும் அந்த மாத்திரைகளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் பாட்டிலில் அடைத்து, பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் ஒட்டிக் கொடுப்பார்கள். பாட்டிலை விட்டு வெளியே எடுத்து வைக்கவே கூடாது என்பது கட்டளை. அவை ஏன் இந்த டப்பாவில் கிடக்கின்றன என்று கேட்க நிமிர்ந்தால், அக்கா ஜன்னலுக்கு வெளியே வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் சீட்டில், எங்களைப் போலவே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கடையநல்லூர் அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் திருட்டு முழி முழித்தார்கள்.

என் அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் ஆபரேஷனில் போய், சில வருஷம் எங்களை நிம்மதியாக விட்டுவைத்து, மறுபடி ஈரலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய மருந்துகள் எதற்கும் அது மசியவில்லை. அப்போதுதான் மதுரை ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து சேர்த்தோம். வழக்கமான ஊசி எல்லோருக்கும் உண்டு. அதோடு கூட, பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரம்மாவுக்கே தெரியாது. சங்கரன்கோவில் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் டீச்சராக இருக்கிற நான் இதை அக்காவுக்குப் படம் போட்டு விளக்கினேன். அவளும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

கடையநல்லூர் அக்காவுக்கும் அதே நோய்தான், அதே சோதனைதான். புருஷன் சவுதியில் இருந்தார், பிள்ளைகள் மூன்றும் சின்னதுகள். கூடவர ஆள் இல்லாமல் தனியாகவே வருவாள். எங்களுக்கு முன்னாலேயே ரயில் ஏறிவிடுவதால் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நாங்கள் ஏறும்போது இரண்டு இடம் பிடித்து வைத்திருப்பாள். வந்த புதிதில் பேச்சு, அப்புறம் சாப்பாடு. எங்கள் வீட்டுப் புளியோதரை அவள் மடிக்குப் போகும், அவள் வீட்டு நெய்ச்சோறு எங்கள் மடிக்கு வரும். கிறிஸ்துமஸுக்குப் போன எங்கள் தூக்குவாளி, மஞ்சள் வாடை அடிக்கிற ஏதோ ஒரு பலகாரத்தோடு திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தருவார்கள்.

"என்னக்கா இது?" என்றேன். சத்தம் அடுத்த கம்பார்ட்மெண்டுக்குக் கேட்டிருக்கும்.

"மெதுவாப் பேசுட்டி. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். இது யாரு மாத்திரை?"

கடையநல்லூர் அக்காதான் சொன்னாள். "என்னோடதும்மா. உங்க அக்கா அவங்க மாத்திரையில பாதிய இந்த டப்பால போட்டுக் குடுத்தாங்க. குடுத்த டப்பாவ வெறுசா எப்படித் திருப்பித் தர்றது? அதான் என்னோடதுல பாதியப் போட்டேன்."

"எத்தன நாளா நடக்கு இந்தக் கூத்து?"

"போன ஸ்கேனுக்குப் பொறவு இருந்து," என்றாள் அக்கா. "நான் குடுத்தத அவ திங்கா, அவ தந்தத நான் திங்கேன்."

அந்த ஸ்கேனில் இரண்டு பேருக்குமே நோய் வளரவில்லை, குறையவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்போது ஆளைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி என்று தெரியாது. என் அக்கா நன்றாகச் சாப்பிட்டாள், முகத்தில் களை வந்தது, முடி கூட கறுகறுவென்று முளைத்தது. கடையநல்லூர் அக்காவுக்கோ வாயெல்லாம் புண், உள்ளங்கால் தோல் உரிந்தது, ரயிலிலேயே பாலிதீன் பையில் வாந்தி எடுப்பாள். யாருக்கு அசல் மருந்து கிடைத்தது என்பதில் எங்கள் யாருக்குமே சந்தேகம் இல்லை. நானே அக்காவின் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குத்தான் அடிச்சிருக்கு யோகம்" என்று கேலி செய்திருக்கிறேன்.

"அவ என் கண்ணு முன்னாலயே உருகிப் போறாட்டி," என்றாள் அக்கா. "நான் மட்டும் மருந்தத் தின்னுட்டு, அவளுக்குப் பக்கத்துல உக்காந்து எப்படி வருவேன்? பாதி உசுரு போதும் எனக்கு."

"இது என்ன பாயசமா, பங்கு போட? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். தெரியும்லா உனக்கு?"

"தெரியும்," என்றாள். அவ்வளவுதான். எனக்கு வந்தது கோபமா பயமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பாதி மருந்தில் ஈரலில் இருக்கிற நோய் அடங்குமா? அக்கா செத்துப்போவாள் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். என் அக்காவின் உயிரில் பாதியை டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டவள் என்றுதான் அவளைப் பார்த்தேன்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவைக் கேட்கவில்லை. எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரு மாத்திரை கூட இனிமே போடக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துட்டு உடனே வாங்க" என்றார்.

போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று தெரியாமல் மேற்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாதென்பதால், மேலிடத்தில் கேட்டு அந்த ரகசியத்தை உடைக்கப் போவதாக டாக்டரம்மா சொன்னார். சோதனையில் இனி இரண்டு பேருக்கும் இடமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முடிவு சொல்லும் நாளில் ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்கள். "எங்களுக்குள்ள ஒளிவு மறைவு இல்லம்மா" என்று இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டே நுழைந்தார்கள். பின்னால் நான்.

டாக்டரம்மா என் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு வந்தது மருந்தில்லாத மாத்திரை" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். பிறகு கடையநல்லூர் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு வந்ததுதான் புது மருந்து. வாய்ப்புண், தோல் உரியறது, வாந்தி எல்லாம் அந்த மருந்தாலதான் வந்தது" என்றார்.

ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் மாட்டினார். என் அக்காவின் ஈரலில் இருந்த கட்டி சுருங்கியிருந்தது. கடையநல்லூர் அக்காவின் கட்டி பெருத்திருந்தது. "அந்தப் பாதி மருந்தாலதான் இப்படி ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. முழுசாச் சாப்பிட்டிருந்தாலும் வளர்ந்திருக்கலாம்" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அறிவியல் படித்தவள், அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

முதலில் பேசியது கடையநல்லூர் அக்காதான். "நசீபுல எழுதினது அம்புட்டுத்தான். உங்களுக்காவது மருந்து கேட்டுச்சே அக்கா. வீணாப் போகலையே" என்று என் அக்காவின் முதுகைத் தடவினாள்.

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "பாவி, வெறும் டப்பாவத் தந்து தொலைச்சிருக்கக் கூடாதாட்டி?" என்று அலறினாள். வராண்டாவில் இருந்த நர்ஸ் ஓடி வந்து கதவைத் திறந்தாள். என் அக்கா அப்படிக் கத்தி அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. பிறகு அவளே கடையநல்லூர் அக்காவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நோன்புப் பெருநாள் வருவதற்கு முன்னால் கடையநல்லூர் அக்கா போய்விட்டாள். சவுதியிலிருந்து வந்திருந்த அவள் புருஷன் எங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் போனபோது அந்த மனுஷன் என் அக்காவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. அக்கா நாற்காலியில் உட்காரவில்லை.

வருஷக் கடைசியில் எங்கள் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. அக்காவின் நோய் அடங்கியிருப்பது சபைக்கே தெரியும் என்பதால் குருவானவர் அவளைக் கூப்பிட்டார். வேண்டாமென்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். "சபையார் எல்லாம் எனக்காக ஜெபம் பண்ணீங்க. சந்தோஷம். ஆனா எனக்குன்னு வந்த மாத்திரையில ஒண்ணும் இல்ல. கடையநல்லூர்ல மூணு பிள்ளையளோட ஒருத்தி இருந்தா. அவளுக்குன்னு வந்த மருந்துல பாதிய நான் தின்னுட்டேன். அவளுக்கு நல்லது செய்யுதேன்னு நெனச்சு என்னோடதக் குடுத்து, அவளோடத வாங்கித் தின்னேன். அவ செத்துட்டா. நான் இங்கன நிக்கேன். இதுக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்லணும்னு எனக்குத் தெரியல ஐயா. நீங்க சொல்லிக் குடுங்க."

ஆமென் சொல்லப் பழகிய வாய்கள் எல்லாம் திறந்தபடி இருந்தன. குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.